சாக்கு நீங்கலாக

மதுவிலக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் காவலர், விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். நான் ஒரு காலத்தில் அதே பிரிவில் ரைட்டராக இருந்தவன், இப்போது ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பாயசம் வருவதற்குள் கேட்டேவிட்டார்.

"ஐயா, டிவியில தெனம் கத்திக்கினு இருக்காங்களே, கஞ்சாவுக்குச் சட்டத்த லூசு பண்ணலாமா வேணாமான்னு. கவர்மெண்டே சரக்கு விக்குது, பொட்டிக் கடையில சிகரெட்டு தொங்குது, இத மட்டும் ஏன் புடிக்கணும்னு ஒருத்தர் கேக்கறாரு. நீங்க இன்னாங்கய்யா சொல்றீங்க?"

"ரசம் ஆறிடும்மா, சாப்டு" என்று சொல்லிவிட்டேன். கை கழுவும் இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்வாரோ என்று பயந்து மண்டபத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் காக்கி போட்டவன் ஒரு கேள்விக்குப் பயந்து ஓடினான் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதைத்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். பறிமுதல் செய்ததைப் பதிவு செய்யும் மகஜரில் நான் எழுதிய ஒரே ஒரு வார்த்தையால் ஒரு மீனவன் சிறைக்குப் போனான். அதோடு அந்தக் குடும்பமே இல்லாமல் போயிற்று. சட்டத்தைத் தளர்த்துவதா இறுக்குவதா என்று பேசுகிறவர்கள் யாரும் அந்த வார்த்தையைப் பற்றிப் பேசுவதில்லை.

1993-இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனபோது என்னைத் திண்டிவனத்தில் மதுவிலக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அப்போது எங்கள் எதிரி கள்ளச் சாராயம். ஏரிக்கரை, முந்திரித் தோப்பு, சவுக்குத் தோப்பு என்று புகுந்து ஊறல் பானைகளை உடைப்போம். என் சட்டையை மட்டும் என் மனைவி தனி வாளியில் ஊறவைப்பாள். காய்ச்சியவன், விற்றவன், குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினோம். பத்து வருடம் போனதும் அரசே ஊருக்கு ஊர் சில்லறைக் கடை திறந்தது. நான் குடித்ததற்காகப் பிடித்தவர்களில் பாதிப் பேர் கூட்டேரிப்பட்டில் கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள எங்களை நிறுத்தினார்கள். அதில் ஒருவன் எனக்குப் பெரிய கும்பிடு போட்டு, "சார், இப்ப நீங்களும் நாங்களும் ஒரே கட்சி" என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு எங்களுக்கு மிஞ்சிய பெரிய வேட்டை கஞ்சாதான். எனக்கு அதன் மேல் சொந்த வெறுப்பு ஒன்றும் இருந்தது. என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்குப் போனவன், மூன்றாம் வருடம் விழுப்புரத்துக்குத் திரும்பி வந்து ஓர் அறைக்குள் உட்கார்ந்துவிட்டான். ஃபேன் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பான். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டை நாய்க்கு வைத்துவிட்டு, நாய் சாகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பான். ஹாஸ்டலில் இரண்டு வருடம் கஞ்சா இழுத்திருக்கிறான். டாக்டர், "இது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, இதுவும் காரணம்" என்றார். முதல் பாதி என் காதில் ஏறவில்லை. இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

இப்போது ரைட்டர் வேலையைப் பற்றி இரண்டு வரி. ரெய்டில் கதவை உடைப்பவர்கள் வேறு, ஓடுகிறவனைத் துரத்துகிறவர்கள் வேறு. ஆனால் நீதிமன்றத்துக்குப் போவது ரைட்டர் எழுதிய காகிதம். கஞ்சா ஒரு கிலோ வரை இருந்தால் சிறு அளவு, அப்போதைய சட்டப்படி அதிகபட்சம் ஆறு மாதம். ஒரு கிலோவைத் தாண்டிவிட்டால் பத்து வருடம் வரை போகலாம். எங்களுக்குள் முன்னதைக் 'கிராம் கேஸ்' என்போம், பின்னதைக் 'கிலோ கேஸ்' என்போம். கிராம் கேஸை மேலிடத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் சொந்தமாகத் தராசு கிடையாது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டியில் தராசையும், அதைப் பிடிக்கும் கன்னியப்பன் என்ற ஆளையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். கன்னியப்பன் எடை போடுவார், அவரே சாட்சியாகக் கையெழுத்தும் போடுவார். மெலிந்த மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கவும் அவருக்குத் தெரியாது.

அது மழைக்காலம். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஏழுமலை என்பவன் வீட்டில் கஞ்சா இருக்கிறது என்று தகவல் வந்தது. காலையில் போனோம். ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். படகு கரையேறும்போது கவிழ்ந்து இடுப்பில் அடிபட்டு, கடலுக்குப் போக முடியாமல் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவன். வீட்டு மூலையில் பழைய வலைகளுக்கு அடியில் ஒரு அரைச் சாக்கு இருந்தது. உள்ளே கஞ்சா, தண்டும் இலையுமாக. ஒழுகுகிற கூரைக்கு நேர் கீழே கிடந்ததால் சாக்கு தொப்பலாக நனைந்திருந்தது. விற்பதற்கா என்று கேட்டோம். இடுப்பு வலிக்குத் தானே இழுப்பதாகச் சொன்னான். ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அவன் மனைவி அஞ்சலைதான் எதிரே வந்து நின்றாள்.

"சார், இந்தாளு சாராயம் குடிச்சிக்கினு என் மண்டைய ஒடச்சப்ப நான் ஸ்டேசனுக்கு வந்தேன். புருசன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் இங்க வர்றியேன்னு தொரத்தி வுட்டாங்க. இப்ப ரெண்டு வருசமா குடிக்கறதில்ல. இத இழுத்துட்டு மூலையில படுத்துக்கினு கெடக்குது, கைய ஓங்கறதில்ல. இப்பதான் புடிக்க வர்றீங்களா?"

"கஞ்சா அடிச்சா பைத்தியம் புடிக்கும், தெரியுமா உனக்கு?" என்றேன். என் அக்கா மகன் என் கண் முன்னால் நின்றான்.

"புடிச்சிட்டுப் போவுது சார். பைத்தியத்தோட நான் வாழ்ந்துக்கறேன். குடிகாரனோட என்னால முடியாது."

எனக்குச் சுருக்கென்றது, கோபமாக வந்தது. என் அக்கா படும் பாட்டை இவள் ஒருநாள் பார்த்திருந்தால் இப்படிப் பேசுவாளா என்று நினைத்தேன். இவள் பட்ட பாட்டை நான் ஒருநாளாவது பார்த்தேனா என்று நினைக்கவில்லை.

கன்னியப்பன் சாக்கோடு தூக்கித் தராசில் வைத்தார்.

"ஒண்ணு நூத்தம்பது சார். சாக்கக் கொட்டிட்டு இன்னொரு வாட்டி போடட்டா?"

"எதுக்கு?"

"ஈரச் சாக்கு சார். அதுவே அர கிலோ இழுக்கும். மண்டியில நாங்க சாக்கு கழிப்போம், ஈரம் கழிப்போம், மண்ணு கழிப்போம். கழிக்காம எழுதுனா வெவசாயி சட்டையப் புடிச்சிடுவான்."

"இது மல்லாட்ட இல்ல. கையெழுத்துப் போடுங்க, மணியாவுது."

எங்கள் இன்ஸ்பெக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நேரடியாகத் தேர்வாகி வந்தவர், படித்தவர், கெட்டவர் இல்லை. மழைக்கு ஒதுங்கி ஜீப்பில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"சாக்கு கழிச்சாச்சா ஏட்டய்யா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும். ஒரு மூச்சு விடுகிற நேரம் எனக்குக் கிடைத்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. மேலதிகாரி சரியான கேள்வியைத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய்க் கொட்டி நிறுத்திருப்போம். அரைக் கிலோவுக்குச் சற்று மேலே வந்திருக்கும், கிராம் கேஸ் ஆகியிருக்கும், சில மாதத்தில் அவன் வீடு திரும்பியிருப்பான்.

"ஆச்சுங்கய்யா" என்றேன். காகிதத்தில் 'சாக்கு நீங்கலாக ஒரு கிலோ நூற்றைம்பது கிராம்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழுமலைக்கு ஜாமீனுக்கு நிற்க ஆள் இல்லை. விசாரணைக் கைதியாகவே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தான். அந்த நாட்களில் திண்டிவனம் நான்குவழிச் சாலையில் குடித்துவிட்டு லாரி ஓட்டியவர்களும், குடித்துவிட்டு அந்த லாரிகளில் விழுந்தவர்களும் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. பக்கத்து நிலையங்களின் ரைட்டர்கள் கை வலிக்க எழுதினார்கள். கஞ்சா இழுத்துவிட்டு ஒருவன் பெண்டாட்டியைக் கொன்றான் என்று என் காலத்தில் நான் எழுதியதில்லை. அதற்காகக் கஞ்சா நல்லது என்று சொல்ல வந்தேன் என்று நினைக்காதீர்கள். அக்கா மகன் இன்றும் அந்த அறையில்தான் இருக்கிறான். என் அக்கா எழுபது வயதில் அவனுக்குச் சவரம் செய்துவிடுகிறாள்.

வழக்கு தனி நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. ஏழுமலைக்கு இலவசச் சட்ட உதவியில் ஒரு பெண் வக்கீல் நின்றார். முத்திரையை உடைத்து நிறுத்துக் காட்டியபோது முக்கால் கிலோகூட இல்லை. மீதி எங்கே என்று என்னைக் கேட்டார். "ஈரமாக இருந்தது, காய்ந்துவிட்டது" என்றேன். சாக்கைக் கழித்தீர்களா என்று கேட்டார். கழித்தோம் என்றேன். சத்தியம் செய்துவிட்டுத்தான் சொன்னேன். என் குரல் தடுமாறவே இல்லை. பழக்கம் அப்படி.

அடுத்து கன்னியப்பன் ஏறினார். "சாக்கோடதான் போட்டேன், கழிக்கச் சொன்னேன், கேக்கல" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அரசு வக்கீல் எழுந்து அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டார். பல்டி அடித்த சாட்சி என்று அர்த்தம். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். மண்டி ஆள் சொல்வதைவிட ஏட்டு எழுதியது பெரிதாகப் பட்டது. ஏழுமலைக்கு மூன்று ஆண்டு கடுங்காவல்.

வெளியே வேப்பமரத்தடியில் கன்னியப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

"இருவது வருசம் தராசு புடிக்கறேன் சார். ஒருத்தனும் என்னியப் பொய்யன்னு சொன்னதில்ல. இனிமே என்னியக் கூப்புடாதீங்க."

நான் "சரி" என்றேன். அதற்குப் பிறகு வேறு மண்டியில் ஆள் பிடித்தோம். அந்த ஆள் எதுவும் கேட்க மாட்டார்.

சில வருடங்களில் நான் பதவி உயர்ந்து கடலோரத்தில் ஒரு சட்டம் ஒழுங்கு நிலையத்துக்கு சிறப்பு எஸ்.ஐ. ஆகப் போனேன். அந்தக் குப்பம் எங்கள் எல்லைக்குள் வந்தது. ஒரு முற்பகலில் அஞ்சலை வந்து நின்றாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடது கண் மூடிப்போய் வீங்கியிருந்தது, முன்பல் ஒன்று இல்லை.

ஏழுமலை வெளியே வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இடுப்பு வலி அப்படியே இருந்தது. கஞ்சாவைத் தொடவே பயம். இன்னொரு முறை மாட்டினால் பத்து வருடம் என்று உள்ளே யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் அரசுக் கடை நடக்கிற தூரத்தில் இருந்தது.

"கடைச் சரக்குக்கு யாரும் புடிக்க மாட்டாங்கடி, இதான் சேஃப்டின்னு சொல்லிக்கினே குடிக்குது சார். பகல்லயே ஆரம்பிச்சிடுது. பழைய ஆளு திரும்பி வந்துட்டான்."

"புகார் எழுதித் தர்றேம்மா. ஒரே நிமிசம். உள்ள தள்ளிடலாம்" என்று பேனாவை எடுத்தேன். இந்த முறை அவளுக்காக எழுதி என் கணக்கை நேர்செய்துவிடலாம் என்று ஒரு அற்ப ஆசை எனக்கு இருந்தது.

"மறுபடி ஜெயிலா? வேணாம் சார். ஜெயில்லருந்து வந்துதான இப்டி ஆச்சு." சுற்றிப் பார்த்துவிட்டு மேசைக்குப் பக்கத்தில் குனிந்து மெல்லப் பேசினாள். "நீங்க எங்க வூட்லருந்து எடுத்துக்கினு போனீங்களே, அது உங்ககிட்டதான இருக்கும். அதுல ஒரு கைப்பிடி குடுங்க சார். யாருக்கும் சொல்ல மாட்டேன். அது அத இழுத்துட்டுத் தூங்கட்டும்."

என் சர்வீசில் போலீஸ்காரனிடம் வந்து கஞ்சா கேட்ட பெண் அவள் ஒருத்திதான். அதையெல்லாம் எப்போதோ எரித்திருப்பார்கள் என்று சொன்னேன். இருந்தாலும் தர முடியாது, அது குற்றம் என்று சொன்னேன். சொல்லும்போது என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. புதுச்சேரியில் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"படிக்கத் தெரியாது சார். பஸ்ஸு எங்க ஏறணும்னு மட்டும் வாயால சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளோடு ஒரு காவலரை அனுப்பியிருக்கலாம். நானே போய் அவனை அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். மயிலம் திருவிழா பந்தோபஸ்துக்கு ஆள் பிரிக்கிற வேலை தலைக்கு மேல் இருந்தது. வாரம் கழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் ஏழுமலை தானாகவே நிலையத்துக்கு நடந்து வந்தான். சட்டை இல்லை. போதை முழுக்கத் தெளிந்திருந்தது. பெஞ்சில் உட்காரச் சொன்னபோது உட்காராமல் சுவரோரம் நின்றான். புதுச்சேரிக்குக் கிளம்பு என்று அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இவன் உதறித் தள்ளியதில் ஆட்டுக்கல்லில் விழுந்து தலை அடிபட்டிருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டியிருந்தாள். இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் நான் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் இருந்தது. பிரேத விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாயங்காலம் அவனை மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த ஜீப்பில் ஏற்றினோம். என் எதிரே உட்கார்ந்திருந்தவன் பாதி வழியில் கேட்டான்.

"சார், அவ உங்ககிட்ட வந்து கேட்டாளாமே?"

"ஆமா."

"குடுத்திருக்கலாமே சார்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பந்தியில் கேட்ட தங்கைக்கு: கஞ்சாவை அவிழ்த்துவிடலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். என் அக்கா வீட்டுக்குப் போனால் கூடாது என்பேன். அந்தக் குப்பத்துக்குப் போனால் கடையில் விற்பதை முதலில் மூடுங்கள் என்பேன். எது விஷம், எந்த விஷத்துக்கு லைசென்ஸ் என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள், மறுபடி மாற்றுவார்கள், நாம் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்போம். ஆனால் எடையை எழுதுவது நீங்கள். வீட்டில் பட்ட காயத்தோடு வேலைக்கு வராத போலீஸ்காரன் யாரும் இல்லை. அந்தக் காயத்துக்கு எதிரே நிற்கிறவன் காரணம் இல்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஏழுமலை இப்போது இருக்கிறானா என்று நான் விசாரிக்கவில்லை. கன்னியப்பன் இருக்கிறார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை எதிரே வந்தார். வணக்கம் வைத்தேன். பார்க்காதவர் போல் போய்விட்டார். கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதை, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, இனி யாரும் என்னை ஒன்றும் செய்யப்போவதில்லை என்ற தைரியத்தில் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். நேர்மையாக எழுதினீர்கள் ஐயா என்று தயவுசெய்து யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.